டிலேவும் ரிவர்ப்பும் இல்லாமல் கிட்டார் கையில் நிற்கவில்லை என்றால்

கேள்வி இதுதான்: "கும்பகோணம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். வீட்டில் டிலே, ரிவர்ப் போட்டு வாசித்தால் பிரமாதமாக இருக்கிறது. அதே செட்டிங்கை மண்டபத்தில் போட்டால் எல்லாம் சேறாகிவிடுகிறது. எஃபெக்டை எடுத்துவிட்டால் வெறும் கட்டையைத் தட்டுவது போல இருக்கிறது. எஃபெக்டை நம்பி வாசிப்பது தப்பா? எப்படி வெளியே வருவது?"

தப்பில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு சங்கதிகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்று கை சம்பந்தப்பட்டது. இன்னொன்று நீங்கள் வாசிக்கும் இடம் சம்பந்தப்பட்டது. இரண்டையும் பிரித்தால்தான் வழி தெரியும்.

முதலில் கை. வாசித்ததன் நகலைச் சற்றுக் கழித்துத் திருப்பிச் சொல்வது டிலே; பெரிய அறைக்குள் வாசித்தது போல ஒலியை நீட்டுவது ரிவர்ப். இரண்டும் ஒரு ஸ்வரத்தின் தொடக்கத்தைத் தொடுவதே இல்லை. பிக் கம்பியில் பட்ட கணம் எப்படி இருந்ததோ அப்படியேதான் வெளியே வரும். அவை மாற்றுவது ஸ்வரம் முடிகிற இடத்தை. எனவே எப்போதும் ஈரமாகவே, அதாவது எஃபெக்டோடு, வாசித்துப் பழகிய கைக்கு முதலில் மறந்துபோவது ஸ்வரத்தை முடிக்கும் வித்தை. எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் பிடிப்பது, விரலை எப்போது எடுப்பது என்பதையெல்லாம் பெடல் பார்த்துக்கொள்கிறது. பெடலை அணைத்ததும் நீங்கள் கேட்கிற வெறுமையில் பெரும்பகுதி இதுதான். டோன் குறைபாடு அதில் கொஞ்சம்தான்.

ஒரு சின்ன அசைவை உற்றுக் கவனியுங்கள். மூன்றாம் கம்பியில் 7ஆம் ஃப்ரெட்டில் ஒரு ஸ்வரம் பிடித்து, அங்கிருந்து 12ஆம் ஃப்ரெட்டுக்குப் போகிறீர்கள். பெரும்பாலானோர் கை நகரத் தொடங்கும்முன்பே விரலின் அழுத்தத்தைத் தளர்த்திவிடுவார்கள். கம்பி அங்கேயே செத்துவிடும். அடுத்த ஸ்வரம் பிறக்கும்வரை பத்தில் ஒரு வினாடி அளவுக்கு ஒரு ஓட்டை விழும். டிலே மிக்ஸ், அதாவது நகல் எவ்வளவு கலக்கிறது என்பது, 30 சதவீதம் இருந்தால் பழைய ஸ்வரத்தின் நகல் வந்து அந்த ஓட்டையை அடைத்துவிடும், உங்களுக்கே தெரியாது. எஃபெக்ட் இல்லாமல் கேட்டால் வாக்கியத்தின் நடுவே விக்கல் எடுத்தது போல இருக்கும். திருத்தம் எளிது: அழுத்தத்தை விடாமல் கம்பியோடேயே வழுக்கிப் போங்கள்; அல்லது சேர வேண்டிய இடத்துக்கு மிக அருகில் வரும்வரை விரலை எடுக்காதீர்கள். இதேபோல் மூடாமல் விட்ட பக்கத்துக் கம்பிகளின் முனகல், பாதியில் நின்றுபோகும் வைப்ரேட்டோ, பெண்ட் செய்து சுருதிக்குச் சற்றுக் கீழேயே நிற்கும் ஸ்வரம், இவை எல்லாவற்றையும் ரிவர்ப் ஒரு போர்வைக்குள் போட்டுவிடும்.

சோதித்துப் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. "எஃபெக்ட் இல்லாமல்" என்றால் மல்டி எஃபெக்ட் பெட்டியையே கழற்றிவிட்டு கிட்டாரை நேராக மிக்ஸரில் செருகுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது நியாயமான சோதனை இல்லை. டிலே, ரிவர்ப் இரண்டை மட்டும் அணையுங்கள். ஆம்ப் மாடலும் கேபினெட் சிமுலேஷனும் (ஆம்ப், அதன் ஸ்பீக்கர் பெட்டி ஆகியவற்றின் ஒலியைப் போலச் செய்யும் அமைப்புகள்) இருக்கட்டும். கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். அந்தச் சரிவும் சேர்ந்ததுதான் எலெக்ட்ரிக் கிட்டார் ஒலி. மைக் செட்டின் பெட்டியில் இருக்கும் ஹார்ன் அதற்கும் மேலே வெகுதூரம் பாடும். கேபினெட் சிமுலேஷன் இல்லாமல் ஓவர்டிரைவை (கரகரப்பான கிட்டார் ஒலி) அதில் விட்டால் தகரத்தைச் சுரண்டும் சத்தம்தான் வரும். நம் பக்கத்து மேடைகளில் ஆம்ப் வைப்பது அபூர்வம், நேராக மிக்ஸருக்குத்தான் லைன் போகிறது. அதனால் இந்தச் சுரண்டலை மறைக்கத்தான் பல பேர் ரிவர்ப்பைத் திருகுகிறார்கள். சிமுலேஷனைப் போட்டு, அதற்குப் பிறகும் கூர்மையாக இருந்தால் ஹை கட்டை (உச்ச அலைகளை வெட்டும் அமைப்பு) 5,000 ஹெர்ட்ஸில் வையுங்கள். பாதி ரிவர்ப் தேவை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து கிட்டாரையே பாருங்கள். நாகப்பட்டினம், காரைக்கால், வேளாங்கண்ணி பக்கம் உப்புக் காற்று. உள்ளே மன்னார்குடி, திருவாரூர் வந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குறையாது. கம்பி சீக்கிரமே துருப்பிடித்து மந்தமாகும். மந்தமான கம்பியில் மேல் ஹார்மானிக்ஸ் செத்துவிடும், சஸ்டெய்ன் (ஸ்வரம் நீடிக்கும் நேரம்) குறையும், 12ஆம் ஃப்ரெட்டில் சுருதி விலகும். நீங்கள் செய்வது என்ன? கம்பியை மாற்றாமல் டிலேவைக் கூட்டுவீர்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் அடியிலும் துடைக்க வேண்டும். விரலால் தடவினால் சொரசொரப்பு தட்டுகிறதா, அப்போது கம்பி மாற்றும் நேரம் வந்துவிட்டது. பிக்அப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) உயரத்தையும் பாருங்கள். சிங்கிள் காயில் பிக்அப்பை கம்பிக்கு மிக நெருக்கமாக ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து சஸ்டெய்னைத் தின்னும்; தடிமனான கம்பிகளின் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து அளந்தால் தடித்த கம்பிப் பக்கம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஆக்‌ஷனை (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) மிகக் கீழே இறக்கி ஃப்ரெட்டில் கம்பி உரசினாலும் ஸ்வரம் பாதியில் நிற்கும்.

இனி பயிற்சி. மெட்ரோனோமை 60ல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்வரத்தை முதல் தட்டில் தொடங்கி நான்கு தட்டு பிடித்து, ஐந்தாவது தட்டு விழும் கணத்தில் நிறுத்துங்கள். ஐந்தாவதிலிருந்து எட்டுவரை மௌனம். ஸ்வரம் நீளவேண்டும் என்பதைவிட அந்த மௌனம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதே இங்கே பரீட்சை. இடது கை விரலை கம்பியிலிருந்து முழுக்க எடுத்துவிட்டால் திறந்த கம்பி முனகும். அழுத்தத்தை மட்டும் விட்டு விரலைக் கம்பியின் மேலேயே வைத்திருங்கள், அதே நேரம் வலது உள்ளங்கையின் ஓரம் மற்ற கம்பிகளை மூடட்டும். பிறகு மூன்று தட்டு ஸ்வரம், ஒரு தட்டு மௌனம். பிறகு அரைத் தட்டு ஸ்வரம், அரைத் தட்டு மௌனம். இது கைக்கு வந்தபின், நீங்கள் மேடையில் வாசிக்கும் ஒரு இடையிசை லீடை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே முடிகிறது என்று வாயால் பாடிப் பார்த்துவிட்டு உலர்ந்தே, அதாவது எஃபெக்ட் இல்லாமல், வாசியுங்கள். செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாத ஓட்டைகள் பதிவில் பளிச்சென்று தெரியும்.

கேட்கவும் நல்ல உதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பழைய பதிவுகளைக் கேளுங்கள். மூச்சு எங்கே ஸ்வரத்தை விடுகிறது, எங்கே தேய்த்துக் கரைக்கிறது, எங்கே வெட்டென்று நிறுத்துகிறது என்று முடிவுகளை மட்டும் கவனித்து நான்கு வரியைக் கிட்டாரில் எடுத்துப் பாருங்கள். பெடல் விஷயத்துக்கு நாகஸ்வரம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

இப்போது இடம். "வீட்டில் பிரமாதம், மண்டபத்தில் சேறு" என்பதற்குக் கணக்கே இருக்கிறது. நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். கொள்ளளவு 2,250 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 1,350 சதுர மீட்டர் டைல்ஸும் சிமெண்டுப் பூச்சும். இவை ஒலியை உறிஞ்சுவது சராசரியாக 4 சதவீதம் என்று வைத்தால் 54 சதுர மீட்டர் உறிஞ்சல். திறந்த கதவு, ஜன்னல் ஒரு 20 சதுர மீட்டர் சேர்த்தால் 74. எதிரொலி அடங்கும் நேரத்துக்கான சபைன் சூத்திரத்தில் (0.161 பெருக்கல் கொள்ளளவு, வகுத்தல் உறிஞ்சல்) போட்டால் 362ஐ 74ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 4.9 வினாடி! நான்கு மணிக்குக் காலி மண்டபத்தில் சவுண்ட் செக் செய்யும்போது நீங்கள் நிற்பது இந்தக் குகையில்தான். ஏழு மணிக்கு வரவேற்புக்கு 400 பேர் வந்து உட்கார்ந்தால், ஆளுக்கு சுமார் 0.45 சதுர மீட்டர் வீதம் இன்னும் 180 சேரும். 362ஐ 254ஆல் வகுத்தால் 1.4 வினாடி. சேலையும் வேட்டியும் மனித உடம்பும் சேர்ந்து மண்டபத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடுகின்றன. பந்தி தொடங்கி 300 பேர் எழுந்து போனதும் மறுபடி குகை.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி: மண்டபத்துக்குள் ரிவர்ப் பெடலை அணைத்துவிடுங்கள். ஆள் நிரம்பினால்கூட 1.4 வினாடி இருக்கிறது, ஒரு லீடுக்கு அது தாராளம். டிலே வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், அதற்கும் கணக்கு உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மேடையிலிருந்து பின்சுவர் 28 மீட்டர் என்றால் போய்த் திரும்ப 56 மீட்டர், 160 மில்லி செகண்ட். மண்டபமே உங்களுக்கு 160 மில்லி செகண்டில் ஒரு எதிரொலி கொடுக்கிறது, அதுவும் பாட்டின் தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல். நீங்கள் அதன் மேல் 150 அல்லது 180ல் ஒரு ஸ்லாப்பேக் (ஒரே ஒரு குட்டி எதிரொலி) வைத்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும். 350க்கு மேலே போய்விடுங்கள்.

வீட்டு அறையில் ஏமாறுவதற்கு வேறு காரணமும் உண்டு. மெதுவான ஒலியில், மேலே ஃபேன் ஓட வாசிக்கும்போது ரிவர்ப்பின் வால் ஃபேன் சத்தத்துக்குக் கீழே மூழ்கிவிடும். போதவில்லை என்று திருகுவீர்கள். மேடையில் அதே பேட்ச் (சேமித்த எஃபெக்ட் அமைப்பு) பெரிய பெட்டியில் வரும்போது மூழ்கிக் கிடந்த வால் முழுசாக மேலே எழும். வீட்டில் அமைத்த ஒவ்வொரு பேட்சிலும் டிலே, ரிவர்ப் மிக்ஸைப் பாதியாக்கிச் சேமித்துக்கொண்டு மேடைக்குப் போவது நல்ல பழக்கம்.

திருவிழா மேடை வேறு கதை. கோயில் திடலிலோ அறுவடை முடிந்த வயலிலோ போட்ட மேடையில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஒலி போனது போனதுதான். அங்கே உலர்ந்த கிட்டார் நிஜமாகவே ஒல்லியாக இருக்கும், ரிவர்ப்புக்கு அங்கே வேலை உண்டு. ஆனால் தேரோடும் வீதியில் மேடை போட்டு, வீதி நெடுக மைக் செட்காரர் பெட்டி கட்டியிருந்தால் எச்சரிக்கை. மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளியிருக்கும் பெட்டியருகே நிற்பவருக்கு அந்தப் பெட்டியின் ஒலி உடனே வரும், மேடைப் பெட்டியின் ஒலி 200 மில்லி செகண்ட் கழித்து வரும். அவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் டிலேயில் மூன்று ரிப்பீட் (நகல்) சேர்த்தால் மூலத்தோடு நான்கு, அது இரண்டு தடவை வந்து எட்டு ஆகும். கூரை உயர்ந்த பழைய தேவாலயங்களில் வாசிப்பவர்களுக்குக் காலி மண்டபத்தின் கணக்கே பொருந்தும், சில சமயம் அதைவிட மோசமாக.

ஆப்பரேட்டரை மறந்துவிடாதீர்கள். பாடகர் மைக்குக்குப் போட்ட எக்கோவை, நல்ல எண்ணத்தில், கிட்டார் சேனலிலும் கொஞ்சம் திறந்து வைப்பவர்கள் நிறைய. உங்கள் ரிவர்ப், அவர் எக்கோ, மண்டபம் என்று மூன்று அடுக்கு. சவுண்ட் செக்கின்போதே, "அண்ணே, கிட்டார் லைன்ல எக்கோ எதுவும் வேணாம்ணே, ஃப்ளாட்டா விட்டுடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். மிக்ஸரில் அந்தச் சேனலின் எஃபெக்ட் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று கண்ணாலும் பார்த்துக்கொள்ளுங்கள். கீபோர்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை: அவருடைய ஸ்ட்ரிங்ஸ் பேடுகளில் (நீளமாகப் பிடிக்கும் பின்னணி ஒலிகள்) ரிவர்ப் உள்ளேயே இருக்கும். அவர் பேட் பிடிக்கும் இடத்தில் நீங்கள் உலர்ந்து வாசித்தால்தான் கிட்டார் முன்னே நிற்கும்.

டிலே நேரம். தாளம் தெரியாமல் டிலே போடுவதுதான் மேடையில் நடக்கும் பெரிய கோளாறு. ஒரு பீட்டுக்கு எத்தனை மில்லி செகண்ட் என்றால் 60,000ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பது) வகுக்க வேண்டும். 100 பிபிஎம் என்றால் 600. அதில் முக்கால், அதாவது டாட்டட் எய்ட்த், 450. 120 பிபிஎம்மில் 375. அரை பீட் இடைவெளியில் நேராக வாசித்துக்கொண்டே முக்கால் பீட் டிலே போட்டால் ஒவ்வொரு ஸ்வரத்தின் முதல் ரிப்பீட்டும் நீங்கள் அடுத்தடுத்து வாசிக்கும் இரண்டு ஸ்வரங்களுக்குச் சரியாக நடுவில் வந்து விழும். கால் பீட் ஓட்டம் கேட்கும். யூ2 குழுவின் கிட்டாரிஸ்ட் தி எட்ஜ் பிரபலமாக்கியது இந்த வேலையைத்தான். இங்கே டிலே ஒரு இரண்டாவது வாசிப்பாளர் போல. இதைச் சார்ந்திருப்பது குறையே இல்லை, சொல்லப்போனால் கை துல்லியமாக இல்லாவிட்டால் உடனே அம்பலமாகும். 

நம் மேடைப் பாடல்களில் நிறைய இருக்கும் ஆறு-எட்டு நடைக்கு, அதாவது திஸ்ர நடைக்கு, இந்த முக்கால் கணக்கு உதவாது. பெரிய பீட் 70 பிபிஎம் என்றால் ஒரு பீட் 857 மில்லி செகண்ட். அது மூன்றாகப் பிரிகிறது: ஒரு பங்கு 286, இரண்டு பங்கு 571. இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும். முந்தைய பாட்டில் போட்ட டாட்டட் அமைப்பை மாற்றாமல் டெம்போவை மட்டும் பெடலில் காலால் தட்டினால் 643ல் நிற்கும், தகிட தகிட என்று போகும் தபேலாவுக்கு நடுவில் அது ஒட்டவே ஒட்டாது. "டெம்போ சரியாத்தான் தட்டினேன், ஆனா இடிக்குது" என்று குழம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சீக்வென்சரோ ட்ராக்கோ ஓடினால் பிபிஎம் நிலையாக இருக்கும். டிரம்ஸும் தபேலாவும் கையால் போகும் பாட்டில் வேகம் ஏறும். 100ல் தொடங்கி 104க்கு ஏறினால் சரியான முக்கால் 433. உங்கள் பெடலோ 450லேயே நிற்கும். முதல் ரிப்பீட் 17 மில்லி செகண்ட் பின்தங்கும், இரண்டாவது 35, மூன்றாவது 52. முதலாவதைக் காது மன்னிக்கும். மூன்றாவது தாளம் தப்புவதாகவே கேட்கும். ஆகவே க்ளிக் (சீக்வென்சரின் தாளத் தட்டு) இல்லாத பாட்டில் ரிப்பீட் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. சரணம் தொடங்கும் முன் மறுபடி நான்கு தட்டு தட்டிக்கொள்ளுங்கள்.

ரிப்பீட் எவ்வளவு நேரம் தொடரும் என்று தீர்மானிக்கும் ஃபீட்பேக் குமிழுக்கும் எண் தெரிந்திருப்பது நல்லது. ஒவ்வொரு ரிப்பீட்டும் முந்தையதில் பாதி என்றால் 6 டெசிபல் இறக்கம். 60 டெசிபல் இறங்கிக் காணாமல் போகப் பத்து ரிப்பீட் ஆகும், 450 மில்லி செகண்டில் அது 4.5 வினாடி. கால் பங்கு என்றால் 12 டெசிபல் இறக்கம். ஐந்து ரிப்பீட்டில், சுமார் 2.25 வினாடியில் முடிந்துவிடும். 100 பிபிஎம்மில் நான்கு பீட் கொண்ட ஒரு ஆவர்த்தனம் 2.4 வினாடி. கார்ட் ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை மாறும் பாட்டில் முதல் அமைப்பு இரண்டு கார்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிக்கும். குமிழில் எழுதியிருக்கும் சதவீதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எனவே கண்ணை நம்பாமல் ஒரு ஸ்வரம் அடித்துவிட்டு காதால் எண்ணிப் பாருங்கள்.

மேடையில் தொடங்குவதற்கு என் சிபாரிசு: லீடுக்கு டிலே மிக்ஸ் 20 சதவீதம், இரண்டு ரிப்பீட், லோ கட் 200 ஹெர்ட்ஸ், ஹை கட் 3,000 ஹெர்ட்ஸ். ரிப்பீட்டின் உச்ச அலைகளை வெட்டுவது முக்கியம். பழைய அனலாக் டிலேக்கள் பக்கெட் பிரிகேட் (ஒலியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடத்தும்) சிப்பில் ஓடியவை. நேரத்தைக் கூட்டினால் உச்ச அலைகள் தாமாகவே மங்கும். 1981ல் வந்த பாஸ் கம்பெனியின் டிஎம்-2 பெடலின் எல்லையே 300 மில்லி செகண்ட்தான். அந்த மங்கல் ஒரு குறையாகத் தொடங்கியது, ஆனால் ரிப்பீட்டை மூல ஸ்வரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தது அதுதான். டிஜிட்டல் டிலே ஒவ்வொரு ரிப்பீட்டையும் மூலத்தைப் போலவே பளபளப்பாகக் கொடுப்பதால் எது வாசித்தது, எது நகல் என்றே தெரியாமல் போகும். ரிதம் கார்டுகளுக்கு டிலே வேண்டாம். திறந்த வெளியில் ரிவர்ப் போடுவதானால் 1.2 வினாடி, ப்ரீ-டிலே 40 மில்லி செகண்ட், மிக்ஸ் 15 சதவீதம். ப்ரீ-டிலே இருந்தால் பிக் பட்ட சத்தம் வெளியே வந்தபிறகுதான் ரிவர்ப் தொடங்கும், ஸ்வரம் தெளிவாகும்.

ராகத்தையும் கணக்கில் எடுங்கள். இதைக் கிட்டார் பாடங்கள் பொதுவாகப் பேசுவதில்லை. மோகனம், ஹிந்தோளம், சுத்த சாவேரி போன்றவற்றில் அரை ஸ்வர இடைவெளியே (கிட்டாரில் ஒரு ஃப்ரெட் தூரம்) கிடையாது. எந்த ஸ்வரத்தின் நகல் எதன் மேல் விழுந்தாலும் கடிக்காது. நீளமான டிலே அங்கே அழகு. மாயாமாளவகௌளையில் ச–ரி1, க3–ம1, ப–த1, நி3–ச என்று நான்கு இடத்தில் அரை ஸ்வரம். ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கி நிற்கும்போது பழைய ரிஷபம் டிலேயில் வந்து ஷட்ஜத்தின் மேல் உட்கார்ந்தால் சுருதி விலகியது போலவே கேட்கும். கமகம் இன்னும் சிக்கல்: ஆடும் ஸ்வரத்தின் நகல், ஆட்டத்தின் வேறொரு கட்டத்தில் இருக்கும். இப்படிப்பட்ட வரிகளுக்கு டிலேயை அணைத்துவிட்டு, வரியின் கடைசி நீண்ட ஸ்வரத்தில் மட்டும் காலால் போடுங்கள். டிலே உள்ளீட்டை மட்டும் துண்டித்து, ஏற்கெனவே ஓடும் ரிப்பீட் தானே அடங்கவிடும் 'டிரெயில்ஸ்' அமைப்பு பெடலில் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். இல்லையேல் அணைக்கும்போது வால் கத்தரித்தது போல அறுபடும்.

பெடல்களின் வரிசை: கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவர்ப். டிலேக்குப் பின்னால் ஓவர்டிரைவ் வந்தால் ரிப்பீட்டும் புது ஸ்வரமும் ஒன்றாக நசுங்கும். மைக் செட் பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோவாகவே இருந்தாலும் பிங்-பாங் (இடமும் வலமும் மாறி மாறி வரும்) டிலே போட்டால் மண்டபத்தின் இடப்பக்கம் உட்கார்ந்தவருக்குப் பாதி ரிப்பீட்தான் போய்ச் சேரும். மோனோ அவுட்டில் ஒரே லைன் கொடுங்கள்.

ஜெனரேட்டரில் ஓடும் நிகழ்ச்சிகளில் கரண்ட் மாறும் சில வினாடிகளில் டிஜிட்டல் பெடல் அணைந்து எழும். தட்டி வைத்த டெம்போ போயிருக்கலாம்; முதல் வேலையாக அதைப் பாருங்கள். டிஜிட்டல் டிலேயையும் ஓவர்டிரைவையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை எடுத்து ஓட்டினால் மெல்லிய விசில் சத்தம் கேட்கும். டிலேக்குத் தனி 9 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் போய்விடும். நடு முனை நெகட்டிவ்தானா, மில்லியாம்ப் போதுமா என்று பெடலின் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டால் சுரீரென்கிறதா, எர்த் சரியில்லை. பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்து ஹம்மைக் குறைக்கும் வைத்தியத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு ஆப்பரேட்டரிடம் எர்த்தைச் சரி செய்யச் சொல்லுங்கள். ஹம் மட்டும்தான் பிரச்சினை என்றால் கிரவுண்ட் லிஃப்ட் (ஒலி லைனில் மட்டும் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் (கிட்டார் லைனை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி) போதும்.

வெளியே வரும் வழியை ஒரேயடியாக மேடையில் முயற்சிக்க வேண்டாம். முதலில் வீட்டுப் பயிற்சி முழுவதையும் உலர்த்துங்கள், மேடையில் பழைய அமைப்பே இருக்கட்டும். பிறகு மேடையில் ரிதம் பகுதிகளில் எஃபெக்டை எடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள், குழு தெளிவாகக் கேட்கும். அதன்பின் மண்டப நிகழ்ச்சிகளில் ரிவர்ப். லீட் டிலேயில் கடைசியாகக் கை வையுங்கள்: மிக்ஸை 30லிருந்து 20க்கு, பிறகு 12க்கு. 12 சதவீதத்தில் வாசிப்பு சௌகரியமாக இருந்தால், எந்தப் பாட்டுக்கு முக்கால் பீட் வேண்டும், எதற்கு நீண்ட வால் வேண்டும், எதற்கு ஒன்றுமே வேண்டாம் என்று பாட்டுப் பட்டியலிலேயே பக்கத்தில் பிபிஎம்மோடு எழுதி, பேட்ச் எண்ணையும் குறித்துக்கொள்ளலாம்.